இருமுறை படித்தேன்

படியேறும்போதே ஞாபகம் வந்திருந்தால் பாதியில் திரும்பி இறங்கியிருப்பான், வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடி, மடிக்கணினியைத் திறந்து அந்த ஒரு பொத்தானை அணைத்துவிட்டு, வழியில் பஞ்சர் என்று ஏதாவது சொல்லிக்கொண்டு தாமதமாக வந்து சேர்ந்திருப்பான். ஆனால் ஞாபகம் வந்தது செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளிய பிறகு, அமராவதி அக்கா கதவைத் திறந்து, "வாடா சபாபதி, கம்ப்யூட்டரைப் போட்டு வெச்சிருக்கேன், அது எந்திரிக்கறதுக்கு உன்னையவிட நேரமாகுது" என்று சொல்லிச் சிரித்த பிறகு. அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று என்று நினைத்த அதே கணத்தில்தான் கிழமை நினைவுக்கு வந்தது. இன்று செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு ஆதிரையின் இரண்டாவது மடல் கிளம்பும். நிறுத்தவில்லை. நேற்று நிறுத்த வேண்டும் என்று நினைத்தான், நினைத்ததையே செய்ததாக எடுத்துக்கொண்டு படுத்துவிட்டான். கூடத்துச் சுவரில், அக்காவின் கணவரான மாமா ஓய்வு பெற்றபோது வங்கியில் கொடுத்த கடிகாரம் பத்தரையைத் தாண்டிக்கொண்டிருந்தது. "என்னடா நின்னுட்டே, உக்காரு, அந்த நாற்காலியிலயே உக்காரு" என்றாள் அக்கா. அந்த நாற்காலி மாமாவுடையது. கைப்பிடியில் ரெக்ஸின் கிழிந்து பஞ்சு தெரிந்தது. அதில் உட்கார்ந்தால் கணினித் திரையும், திரைக்கு அப்பால் பால்கனியும், பால்கனியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து தொங்கும் மூங்கில் தட்டியும் ஒரே நேர்கோட்டில் தெரியும். உட்கார்ந்தான். சட்டைப்பையில் வீட்டுச் சாவியும் கைபேசியும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டன. கைபேசியை மரியாதைக்காக வாசலிலேயே ஊமையாக்கியிருந்தான். மணி அடிக்காது, அதிர மட்டும் செய்யும்.

ஆதிரை என்று யாரும் கிடையாது. அவளுக்கு ஒரு முகம் உண்டு, அதுவும் எந்திரம் வரைந்து கொடுத்தது: இருபத்தெட்டு வயது சொல்லலாம், நெற்றியில் சின்னதாக ஒரு பொட்டு, காதில் ஜிமிக்கி, ஒரு காதில் இருப்பதற்கும் மறுகாதில் இருப்பதற்கும் நுணுக்கமாக ஒரு வேறுபாடு, உற்றுப் பார்த்தால்தான் தெரியும், யார் உற்றுப் பார்க்கப் போகிறார்கள். சபாபதி என்ற பெயரில், முன்வழுக்கை விழுந்த தன் படத்தோடு மடல் அனுப்பினால் பதில் வருவதில்லை. ஆதிரை அனுப்பினால் வருகிறது. இதில் அவன் தவறு என்ன இருக்கிறது, இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். ஒரு வலைத்தளம் தன்னைத் தானே எவ்வளவு புகழ்ந்துகொண்டாலும் தேடுபொறி காதில் போட்டுக்கொள்ளாது. வேறொரு தளம், அதுவும் நாலு பேர் மதிக்கிற தளம், தன் பக்கத்திலிருந்து கை நீட்டி, அங்கே போய்ப் பாருங்கள் என்று காட்ட வேண்டும். அந்தக் கைநீட்டல்தான் லிங்க். மதிப்புள்ளவர்கள் கை நீட்ட நீட்ட, தேடுகிறவர்களின் கண்ணில் முதலில் படுவாய். யாரும் நீட்டாவிட்டால் பத்தாம் பக்கத்தில் கிடப்பாய், பத்தாம் பக்கத்துக்கு யாரும் வருவதில்லை. மெல்போர்னில் வேலை போய், இருபது வருஷத்தைப் பெட்டிகளில் கட்டிக்கொண்டு கோயமுத்தூருக்குத் திரும்பியபோது, இது தனக்கும் பொருந்தும் என்று அவனுக்குத் தோன்றியிருந்தது. இங்கே யாருக்கும் அவனைத் தெரியவில்லை, தெரிந்தவர்கள் யாரும் இன்னாரைப் போய்ப் பாருங்கள் என்று அவனைக் காட்டவில்லை. ஆகவே மற்றவர்களுக்குக் கைநீட்டல்களைத் திரட்டிக் கொடுக்கும் வேலையை எடுத்துக்கொண்டான். இப்போது மிஞ்சியிருக்கும் பெரிய வாடிக்கையாளர் மூங்கில் தட்டி, மூங்கில் திரை விற்கும் கிருபானந்தன். "சார், மூங்கில்னு அடிச்சா நம்ம கடை வரோணும் சார், அவ்வளவுதான், மத்ததெல்லாம் எனக்குத் தெரியாது" என்பார் வாரம் தவறாமல். மூங்கில் என்று அடித்தால் முதலில் வருவது ஒரு பழைய செடிகொடித் தளம். சோலைச்செடி. பல்கலைக்கழகங்கள் கை நீட்டுகிற, வனத்துறைப் பயிற்சிப் பக்கங்கள் கை நீட்டுகிற, விளம்பரம் எதுவும் இல்லாத தளம். அதிலிருந்து ஒரே ஒரு லிங்க் கிடைத்தால் மற்ற நூற்றுக்குச் சமம். சோலைச்செடி அக்காவுடையது. அக்கா எழுதி, மாமா படமெடுத்து, மாமாவே கட்டி நிறுத்தியது.

அக்காவின் தளத்துக்கே ஆதிரையின் மடல் போனது தெரியாமல் நடந்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். தெரியாமல்தானே. மடல் அனுப்பும் கருவி தானாகத் தேடும், மூங்கில் என்ற சொல் வரும் பக்கங்களைத் தானாகப் பொறுக்கும், கட்டுரைத் தலைப்பை எடுத்து மடலில் காலியாக விட்ட இடத்தில் தானாக இட்டு நிரப்பும், ஆதிரை கையெழுத்துப் போட்டு அனுப்பும். நீளமான பட்டியல், யார் ஒவ்வொன்றாகப் பார்க்கிறார்கள். ஆனால் பட்டியலை ஒரு தடவை மேலிருந்து கீழே ஓட்டினானே, அப்போது ஓரிடத்தில் விரல் நின்றதே, ஒரு நொடி, தெரிந்தவர் முகத்தைக் கூட்டத்தில் பார்த்துவிட்டுப் பார்க்காததுபோல் நடப்போமே, அதுபோல; அது சோலைச்செடிதானா, வேறு ஏதாவதா? அந்தத் தளத்தின் முகவரிக்கு வரும் மடல்களை மாமாதான் பார்ப்பார், மாமா போன பிறகு யாரும் திறக்கப்போவதில்லை, போனால் போகட்டும் என்று அந்த ஒரு நொடியில் ஒரு கணக்கு மனதில் ஓடியதா, இல்லை, ஓடியதாக இப்போது தானே கட்டிக்கொள்கிறானா? இதைத்தான் நேற்று மத்தியானத்திலிருந்து திருப்பித் திருப்பி மென்றுகொண்டிருந்தான், எவ்வளவு மென்றும் அது கரையவில்லை. மடலின் சொற்கள் மட்டும் அவனுடையவைதான், அதில் சந்தேகமே இல்லை. அன்புள்ள ஐயா அல்லது அம்மா, உங்கள் கட்டுரையை இருமுறை படித்தேன், நெஞ்சைவிட்டு அகலவில்லை. இருமுறை என்ற சொல்லுக்கு அவன் பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும். படித்தேன் என்று மட்டும் எழுதினால் யாரும் அசைவதில்லை. மூன்று முறை என்றால் பொய் நாறுகிறது. இருமுறை, அதில் ஒரு கூச்சம் இருக்கிறது, ஒரு உண்மை மாதிரி இருக்கிறது. அதைப் போட்ட பிறகுதான் பதில்கள் வர ஆரம்பித்தன. மாமா இறந்த வருஷத்தைப் பற்றி அக்கா எழுதிய கட்டுரைக்குத் தலைப்பு "மூங்கில் பூத்த வருஷம்". கருவி அதைக் காலியிடத்தில் இட்டு நிரப்பியது. உங்கள் 'மூங்கில் பூத்த வருஷம்' கட்டுரையை இருமுறை படித்தேன், நெஞ்சைவிட்டு அகலவில்லை. இத்தகைய பயனுள்ள தகவல்களுக்கு நன்றி. மூங்கில் தட்டிகளைப் பற்றிய எங்கள் பக்கத்துக்கும் இதில் ஒரு லிங்க் கொடுத்தால் உங்கள் வாசகர்களுக்கு மேலும் உதவும். அன்புடன், ஆதிரை.

"பொண்ணு நல்லாக் களையா இருக்குதுடா" என்றாள் அக்கா, சமையலறையிலிருந்து. காபித்தூள் டப்பாவின் மூடியைத் திறக்கும் சத்தம். "போட்டோ சின்னதா வருது மடல்ல. நான் பெருசு பண்ணிப் பாத்தேன்." பெருசு பண்ணிப் பார்த்தாளாம். ஜிமிக்கி. "இந்தக் காலத்துப் புள்ளைக செடி கொடின்னா ஃபோட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போடறதோட சரி. இது கட்டுரையை ரெண்டு தடவை படிச்சிருக்குது. கல்யாணம் ஆயிருச்சான்னு தெரியல. எங்க காலேஜ்ல வேதியியல் எடுத்த பார்கவியோட பையன் பெங்களூர்ல இருக்கறான், பொண்ணு கிடைக்காமத் தவிக்கறா." அவன் என்னவோ சொன்னான், ம் என்றோ அப்படியா என்றோ. திரையில் மாமா வைத்த பின்னணிப் படம், ஒரு காட்டுமல்லி, பனியோடு. நேற்று மத்தியானம் ஆதிரையின் பெட்டிக்கு அக்காவின் பதில் வந்தபோது அவன் கிருபானந்தனோடு பேசிக்கொண்டிருந்தான். கைபேசியில் பெயரைப் பார்த்தும் அமராவதி என்ற பெயரில் வேறு யாரோ என்றுதான் ஒரு கணம் நினைத்தான். அன்புள்ள ஆதிரை, வயது தெரியாததால் நீங்கள் என்றே எழுதுகிறேன். நீங்கள் எழுதிய முகவரி என் கணவருடையது, எதேச்சையாகத்தான் திறந்தேன். நான் எழுதியதில் அந்த ஒன்றுதான் செடியைப் பற்றியது இல்லை. அதைப் பற்றி இதுவரை யாரும் எனக்கு ஒரு வார்த்தை எழுதியதில்லை. தெரிந்தவர்கள் படித்திருந்தாலும் கேட்கத் தயங்கியிருப்பார்கள், அது இயல்புதான். உங்களுக்கு அதில் எந்த இடம் பிடித்திருந்தது என்று சொல்வீர்களா? லிங்க் எப்படிப் போடுவது என்று எனக்குத் தெரியாது, என் தம்பிக்குக் கம்ப்யூட்டர் வேலைதான், அவனை வரச் சொல்கிறேன். பேச்சை நிறுத்திவிட்டு அதை அப்படியே பார்த்துக்கொண்டு நின்றான், "சார், லைன்ல இருக்கீங்களா சார்" என்று கிருபானந்தன் கத்தும் வரை. சாயங்காலமே அக்கா கூப்பிட்டாள்: "டேய், ஒரு லிங்க் போடோணும், நாளைக்கு வந்து சொல்லிக்குடு." தன் சொந்த முகவரியிலிருந்து பதில் போட்டிருக்கிறாள், மடல் போனது மாமாவின் முகவரிக்கு. அதனால் கருவிக்குத் தெரியாது. கருவியைப் பொறுத்தவரை அந்த முகவரியிலிருந்து பதில் வரவில்லை, பதில் வராதவர்களுக்கு நாலாம் நாள் நினைவூட்டல் போகும், நினைவூட்டல் பதினோரு மணிக்குப் போகும், கைபேசியிலிருந்து அதைத் தடுக்க வழியில்லை, அது மடிக்கணினியில் மட்டுமே திறக்கும், மடிக்கணினி வீட்டில் மேசைமேல் மூடிக் கிடக்கிறது.

காபி வந்தது. டம்ளரும் டபராவும், மாமாவுக்குக் கொடுப்பதுபோல் நுரை தளும்ப. "குடி. என்னடா மூஞ்சி வேர்த்திருக்கு, ஃபேனைப் போடட்டா?" "படியேறினதுங்க்கா." "நாப்பத்தெட்டுல படியேற மூச்சு வாங்குதா, நல்லா இருக்குது போ." அவள் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள், கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினாள், முப்பது வருஷம் பெண்கள் கல்லூரியில் தாவரவியல் ரெக்கார்டு நோட்டுகளைத் திருத்திய கண்கள், ஒருத்தி வரைந்த வேரைப் பார்த்து இன்னொருத்தி வரைந்திருந்தால் தாளைத் திருப்பும்போதே பிடித்துவிடும் கண்கள். சொல்லிவிடலாம். இப்போதே, காபி ஆறுவதற்குள். அக்கா, ஆதிரைங்கறது நான்தான். நாக்கின் நுனிக்கு வந்தது. வந்தவுடன், அதற்கு அடுத்த வாக்கியம் என்ன என்று தேடினான், கிடைக்கவில்லை. திட்டுவாள் என்ற பயம் இல்லை. திட்டினால் நல்லது, திட்டட்டும். அந்தக் கட்டுரைக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு வாசகி. அவள் இரண்டு தடவை படித்திருக்கிறாள், களையாக இருக்கிறாள், பார்கவி வீட்டுக்கு மருமகளாகக்கூடப் போகக்கூடும். அவள் இல்லை என்றால் அந்தக் கட்டுரையை யாருமே படிக்கவில்லை என்று ஆகும். அவனும் படிக்கவில்லை. அதுதான் அடுத்த வாக்கியம். மாமா போனபோது மெல்போர்னிலிருந்து வர முடியவில்லை, அதற்குக் காரணங்கள் இருந்தன, எல்லாம் சரியான காரணங்கள், எல்லோரும் ஒப்புக்கொண்ட காரணங்கள். சில மாதம் கழித்து வந்தான். வந்து பத்து நாளும் சும்மா உட்காரவில்லை, வைஃபையைச் சரிசெய்தான், வங்கியில் பெயர் மாற்றினான், துணிதுவைக்கும் எந்திரத்துக்கு ஆளைக் கூட்டிவந்தான், எல்லாக் கடவுச்சொற்களையும் ஒரே கடவுச்சொல்லாக மாற்றிக் கொடுத்தான். மாமா கடைசியில் எப்படி இருந்தார் என்று மட்டும் கேட்கவில்லை. கேட்டால் அவள் அழுவாள், அழுதால் என்ன செய்வது என்று தெரியாது, தெரியாத வேலையில் அவன் கை வைப்பதில்லை. திரும்பிப் போனபின் அக்கா ஒரு லிங்க் அனுப்பினாள். எழுதியிருக்கேன், நேரம் கிடைக்கறப்ப பாரு. கட்டைவிரலை உயர்த்திய ஒரு படத்தைப் பதிலுக்கு அனுப்பினான். நேரம் கிடைக்கிறபோது பார்க்கலாம் என்று நட்சத்திரம் போட்டு வைத்தான், நட்சத்திரம் போட்டதெல்லாம் எங்கே போகுமோ அங்கே அதுவும் போயிற்று.

"எங்க போடறதுன்னு சொல்லு மொதல்ல" என்றாள். அவன் கட்டுரையைத் திறந்தான். திறந்தவுடன் கண் தானாக வேலை செய்தது, அதுதான் கொடுமை, கண் படிக்கவில்லை, தேடியது. லிங்கைச் சும்மா கொண்டுபோய்ச் செருக முடியாது, ஒரு சொல்லின்மேல் மாட்டித் தொங்கவிட வேண்டும், அந்தச் சொல் அங்கே இயல்பாக இருக்க வேண்டும். தேடல் கட்டத்தில் மூங்கில் என்று அடித்தான். பக்கம் முழுக்க மஞ்சள் மஞ்சளாய்ப் பொட்டுகள் விழுந்தன. கட்டத்தில் இருந்ததை அழித்துவிட்டு, தட்டி என்று அடித்தான். ஒன்றே ஒன்று. பக்கம் தானாகக் கீழே ஓடி அங்கே நின்றது. கூடத்துக் கடிகாரம் பதினொன்று அடித்தது. ஒன்றும் நடக்கவில்லை. அடித்து முடித்தது, ஒன்றும் நடக்கவில்லை. கணினி சும்மா இருந்தது, நெஞ்சிலிருந்த கல் இறங்கியது, ஒருவேளை அக்கா பதில் போட்டதைக் கருவி எப்படியோ கண்டுபிடித்து நின்றிருக்கும், ஒருவேளை நேற்று நிறுத்தியேவிட்டானோ, தூக்கக் கலக்கத்தில் மறந்துபோனதோ. அந்த நிம்மதியில்தான் மஞ்சள் விழுந்த வரியைப் படித்தான். தம்பி மெல்போர்னுக்குத் திரும்பும் முன் பால்கனியில் கட்டிவிட்டுப் போன மூங்கில் தட்டியை அவர் கடைசிவரை மாற்ற விடவில்லை. ஒரு பக்கம் கயிறு அறுந்து அது சாய்ந்துவிட்டது. வெயில் அந்தச் சந்து வழியாக வந்து அவர் முகத்தில் விழும். ஆளைக் கூட்டிவந்து கட்டுகிறேன் என்றால், இருக்கட்டும் அமரா, சபா வந்து கட்டுவான் என்பார். முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருப்பார். அவன் நிமிர்ந்தான். திரைக்கு மேலே, பால்கனியில், அந்தத் தட்டி. வெயில் அந்தச் சந்து வழியாக வந்து கூடத்துத் தரையில் கோணலாகக் கிடந்தது. ஊருக்குத் திரும்பி வந்தபின் எத்தனை ஞாயிற்றுக்கிழமை இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான், அந்த வெயிலில் காலை நீட்டிக்கொண்டு, அக்காவுக்கு ஒரு புதுத் தட்டி வாங்கவும் சோம்பல் என்று நினைத்துக்கொண்டு. "அங்கதாண்டா" என்றாள் அக்கா, விரலைத் திரையில் வைத்து. "தட்டின்னு அங்க ஒரு எடத்துலதான் வருது. நானும் தேடிப் பாத்துட்டேன். அங்க போட்டுரு." அவள் குரலில் ஒன்றுமில்லை. ஒரு செடியின் பெயரைச் சொல்வதுபோல் சொன்னாள். சொடுக்கியை அந்தச் சொல்லின்மேல் கொண்டுபோனான். மூங்கில் தட்டி. கிருபானந்தன், சார் முதல் பக்கம் வந்திருச்சுங்களா. இந்தச் சொல்லை அழுத்தினால் கிருபானந்தனின் கடை திறக்கும், ஐந்து வண்ணங்களில், வீட்டுக்கே வந்து அளவெடுத்து. நல்ல லிங்க். இதைவிட நல்ல லிங்க் அவன் வாழ்நாளில் கிடைக்காது. கை அசையவில்லை, கைதான் அசையவில்லை, மற்றதெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் மண்டையில் அடித்ததுபோல் உறைத்தது: இந்தக் கடிகாரம் முன்னால் ஓடும். மாமா வைத்தது. ரயிலைத் தவறவிடக் கூடாது என்று எல்லாக் கடிகாரத்தையும் முன்னால் தள்ளி வைப்பார் மாமா. பதினொன்று இன்னும் ஆகவில்லை.

ஆனது. கணினி டிங் என்றது. "என்னமோ வந்திருக்குது, அவர் பெட்டிக்கு" என்று அக்கா குனிந்து, சொடுக்கியை அவன் கைக்கு அடியிலிருந்து உருவிக்கொண்டு திறந்தாள். "அட, ஆதிரை!" கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாய்விட்டுப் படித்தாள், கல்லூரியில் வருகை எடுப்பதுபோல் ஒவ்வொரு சொல்லாக. "அன்புள்ள ஐயா அல்லது அம்மா, என் முந்தைய மடல் உங்கள் பார்வைக்கு வரவில்லையோ என்று எண்ணி மீண்டும் எழுதுகிறேன். உங்கள் 'மூங்கில் பூத்த வருஷம்' கட்டுரையை இருமுறை படித்தேன், நெஞ்சைவிட்டு அகலவில்லை. இத்தகைய பயனுள்ள தகவல்களுக்கு நன்றி." நிறுத்தினாள். கீழே தெருவில் கீரைக்காரி குரல். "பாவம்" என்றாள் பிறகு, "நான் போட்ட பதில் போகலையாட்ட இருக்குது. புள்ள காத்துட்டு இருந்திருக்கும்." அவன் உயிர் திரும்பி வந்தது, வந்த உயிர் அவமானமாக இருந்தது. "ஆமாங்க்கா, சில சமயம் போகாது" என்றான். என்ன குரல் அது, யாருடைய குரல். "அய்யா அல்லது அம்மாங்குது, நான்தான் கணவர்னு எழுதுனேனே" என்று தனக்குள் பேசிக்கொண்டாள், "ஆமா, அதுதான் போகலையே." இன்னொரு தடவை, இந்த முறை வாய்க்குள், உதடு மட்டும் அசைய, முதல் மடலையும் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு படித்தாள். படித்துவிட்டு இரண்டு மடல்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். வேர் வரைந்த இரண்டு தாள்கள். "சபாபதி, பயனுள்ள தகவல்னா என்னடா?" "சும்மா எழுதறதுதாங்க்கா." "அவர் செத்ததுல என்ன தகவல் இருக்குது?" அவன் காபியை எடுத்தான். ஆறிப் போயிருந்தது, ஆடை படிந்திருந்தது, அப்படியே குடித்தான்.

"செரி, டைப் பண்ணு, நான் சொல்றேன்" என்று விசைப்பலகையை அவன் பக்கம் தள்ளினாள். மாமாவின் பெட்டியிலிருந்தே பதில். அவள் சொல்லச் சொல்ல அவன் அடித்தான், தனக்கு வரப்போகும் மடலைத் தானே. அன்புள்ள ஆதிரை, உன் இரண்டாவது மடலும் கிடைத்தது. நீ என்றே எழுதுகிறேன், இரண்டு தடவை எழுதியவளிடம் என்ன மரியாதை வேண்டிக் கிடக்கிறது. முதல் மடலிலும் இருமுறை படித்ததாக எழுதினாய், இதிலும் இருமுறை. அப்படியானால் நாலு தடவை ஆகியிருக்கும். "போட்டியா?" "போட்டேங்க்கா." நாலு தடவை படித்தவளுக்கு ஒரு கேள்வி. வெயில் யார் முகத்தில் விழுந்தது? அவன் விரல் நின்றது. "அடி" என்றாள். அடித்தான். "அவ்வளவுதான். இப்படிக்கு அமராவதி." அவனை அனுப்ப விடவில்லை. தானே குனிந்து, ஆட்காட்டி விரலால், ஒரு பூச்சியை நசுக்குவதுபோல் அழுத்தினாள். சட்டைப்பை அதிர்ந்தது. சாவிக்கொத்தின்மேல் கிடந்த கைபேசி கரகரவென்று இழுத்துக்கொண்டு அதிர்ந்து அடங்கியது. அந்தச் சத்தம் அவ்வளவு பெரியதாக இருக்கும் என்று அவன் ஒருநாளும் நினைத்ததில்லை. "யாரோ உன்னையக் கூப்பிடறாங்க." "அப்புறம் பாத்துக்கறேங்க்கா. கிருபானந்தனா இருக்கும்." "யாரது?" "கஸ்டமர்." "என்ன விக்கறாரு?" அவனால் மூங்கில் என்று சொல்ல முடியவில்லை. கைபேசியை அணைத்திருக்கலாம், வாசலிலேயே, படியிலேயே, ஒரு பொத்தான். ஒரு பொத்தானை நேரத்துக்கு அழுத்தத் தெரியாதவன் என்ன தொழில் செய்கிறான். அக்கா அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் சட்டைப்பையைப் பார்த்தாள். பிறகு விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

ஒற்றை விரலால் அடிக்க ஆரம்பித்தாள். அவளுக்குத் தமிழில் அடிக்கத் தெரியும், மெதுவாக வரும், ஒவ்வோர் எழுத்துக்கும் தேடுவாள், முன்பு மாமா பக்கத்தில் நின்று, அமரா, அது மேல் வரிசை என்பார். அவன் திரையைப் பார்க்கவில்லை. தரையில் கிடந்த வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தான். பார்க்கப் பார்க்க அது தரையாக இல்லாமல் ஒரு கட்டிலாகவும் தலையணையாகவும், திருப்பிக்கொண்ட ஒரு கன்னமாகவும் ஆகிக்கொண்டிருந்தது. மெல்போர்னில் அதே நேரத்தில் அவன் என்ன செய்துகொண்டிருந்தான், யாருக்கு என்ன எழுதிக்கொண்டிருந்தான், எந்தப் பட்டியலை மேலிருந்து கீழே ஓட்டிக்கொண்டிருந்தான். சபா வந்து கட்டுவான். சொன்னவர் மெதுவாகச் சொல்லியிருப்பார், சிரித்துக்கொண்டேதான் சொல்லியிருப்பார், அவர் யாரையும் குறை சொல்லிப் பழக்கமில்லாதவர். அவனுக்காக அந்த வீட்டில் ஒருவர் கை நீட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். விசைகளின் சத்தம் நின்றது. அழுத்தினாள். சட்டைப்பை மறுபடியும் சாவியோடு கரகரத்து அடங்கியது. "எடு" என்றாள் அக்கா. குரல் உயரவில்லை. "எடுத்துப் பாருடா. உனக்குத்தான்."

எடுத்தான். சாவி கீழே விழுந்தது, குனிந்து எடுக்கவில்லை. ஆதிரையின் பெட்டியில் இரண்டு மடல்கள் தடித்த எழுத்தில் நின்றன. மேலே இருந்ததைத் திறந்தான். அன்புள்ள ஆதிரை, நீ ரெண்டு தடவை படிச்சதாச் சொன்னே. இங்க பக்கத்துல என் தம்பி உக்காந்திருக்கான். அவனை ஒரு தடவை படிக்கச் சொல்லு. அவன் கைபேசியைக் கவிழ்த்து மேசைமேல் வைத்தான். அக்கா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துக்கொண்டிருந்தாள், துடைத்ததையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள். "அந்த மூஞ்சியையாவது ஒழுங்கா வரைஞ்சிருக்கலாம்" என்றாள் கடைசியில். "ரெண்டு ஜிமிக்கியும் ஒரே மாதிரி இல்ல. மடல் வந்த அன்னிக்கே பாத்தேன். இருந்தாலும் பரவால்ல, எவளோ படிச்சிருக்காளேன்னு விட்டுட்டேன்." டம்ளரையும் டபராவையும் எடுத்துக்கொண்டு எழுந்தாள். "வேற காபி போடறேன். லிங்கெல்லாம் அப்புறம்." அவள் சமையலறைக்குள் போனாள், குழாய் திறந்தது. அவன் சொடுக்கியைப் பிடித்தான். தேடல் கட்டத்தில் தட்டி என்ற சொல் இன்னும் நின்றது, பக்கத்தில் அந்த ஒரு மஞ்சள் இன்னும் எரிந்தது. எழுத்து எழுத்தாக அழித்தான். கடைசி எழுத்து போனதும் மஞ்சள் அணைந்து அந்தச் சொல் மற்றச் சொற்களோடு போய்ச் சேர்ந்துகொண்டது. பக்கத்தின் தலைக்குப் போனான். மூங்கில் பூத்த வருஷம். அதற்குக் கீழே முதல் வரி, அதற்குக் கீழே இரண்டாவது.